தூக்குவது பாதி, தாங்குவது மீதி

கடை மேசையில் கைப்பிடியைச் சுற்றிக் காட்டியதும் "நல்ல ஜக்" என்று காசை எண்ணிக் கொடுப்பவர்கள் உண்டு. அது எவ்வளவு பெரிய தவறு என்பதை ஆரம்பகால மோட்டார் கார்கள் நமக்குக் கற்றுத் தருகின்றன.

1908இல் வெளிவந்த ஃபோர்ட் மொடல் டி காரின் நிறை சுமார் 1,200 இறாத்தல். பங்சர் ஆனால் சில்லு அச்சிலேயே இருக்க, வீதியோரத்தில் காரைத் தூக்கி டயரைப் பிரிக்க வேண்டும். கழற்றக்கூடிய ரிம் 1919இல்தான் அக்காருக்குக் கிடைத்தது. வேலை முடியும்வரை சாரதி நம்பியிருந்தது ஜக்கை மட்டுமே. எனவே நான்கு விடயங்களைச் சோதிக்க வேண்டியிருந்தது.

முதலாவது உயரம். காற்றுப் போனால் அச்சு தாழ்ந்துவிடும். தாழ்ந்த அச்சுக்குக் கீழே ஜக் நுழைய வேண்டும். காற்றடித்த டயர் நிலத்தில் முட்டாத அளவுக்கு உயர்த்தவும் வேண்டும்.

இரண்டாவது பாரம். குறிக்கப்பட்ட நிறையை விடச் சற்றுக் கூடுதலாக ஏற்றி, இறக்கிய பின் தண்டு வளைந்துள்ளதா, பல் தேய்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது தாங்கும் திறன். ஒரு சுற்றுக்குக் கால் அங்குலம் உயரும் திருகு ஜக்கை 12 அங்குலக் கைப்பிடியால் சுற்றினால், 600 இறாத்தலைத் தூக்கக் கணக்குப்படி 2 இறாத்தல் விசை போதும். நடைமுறையில் உராய்வினால் அதன் இரு மடங்குக்கு மேல் வேண்டும். கைக்குப் பாரமான இந்த உராய்வுதான், கையை எடுத்த பின்னும் திருகு தானாகக் கீழிறங்காமல் காக்கிறது. ஆகவே இலகுவாகச் சுற்றுகிறது என்பதை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. பாரத்தை ஏற்றி, உயரத்தைச் சோக்கினால் குறித்து, சிறிது நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். பற்சட்ட ஜக்கானால், நாக்கு ஒவ்வொரு பல்லிலும் பாரத்தோடு சரியாக விழுகிறதா என்று கவனிக்க வேண்டும்.

நான்காவது நிலம். சீமெந்துத் தரையில் அசையாத ஜக், மண் வீதியில் புதைந்து சரியும். அடிப்பாகம் சிறிதானால் கீழே பலகை வேண்டும்.

வியாபாரிகளே, இந்த நான்கும் இன்றைய ஜக்குக்கும் பொருந்தும். கொள்வனவு செய்த சாமானில் ஒன்றையாவது பாரத்தோடு சோதித்துவிட்டு விற்பனைக்கு வையுங்கள். மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வைக்கும்படியும், ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போக வேண்டாம் என்றும் வாடிக்கையாளரிடம் சொல்லி அனுப்புங்கள். அதற்கு ஒரு நிமிடம்தான் செல்லும். சொல்லாமல் விட்டால் போவது ஒருவருடைய கையாக இருக்கலாம்.