கோப்பையைப் பார்த்து அணி சேராதீர்கள்

கால்பந்து அணி ஒன்றுக்கு ரசிகராகும் முடிவை எங்கள் கல்லூரிப் பையன்கள் செருப்பு வாங்கும் நேரம்கூடச் செலவிடாமல் எடுத்துவிடுகிறார்கள். விடுதியில் அறைத்தோழன் எந்த அணியோ அதே அணி. போன வருடம் எந்த அணி கோப்பை வாங்கியதோ அந்த அணி. இரண்டும் இல்லையென்றால், "எங்க வீட்ல அப்பாவே யுனைடெட்தான் சார், வேற டீம் சொன்னா திட்டுவார்." ஆகஸ்டில் ஆட்டம் பாட்டமாகத் தொடங்கும் இவர்களில் பாதிப் பேர் நவம்பரில் சோர்ந்துபோகிறார்கள். ஜனவரியில் அணி மாறுகிறார்கள், அல்லது கால்பந்தையே விட்டுவிடுகிறார்கள். நல்ல ரசிகனாக வளர்ந்திருக்க வேண்டிய பிள்ளை இப்படி விலகுவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இங்கிலாந்து பிரீமியர் லீகின் அடுத்த சீசன் 2026 ஆகஸ்ட் 22 அன்று தொடங்கி 2027 மே 30 அன்று முடியும் என்று அறிவித்துவிட்டார்கள். உலகக் கோப்பை இருப்பதால் வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதம். யோசிக்க இந்த ஆண்டு அவகாசம் அதிகம் இருக்கிறது என்பதால்தான் இதை இப்போது எழுதுகிறேன்.

முன்னால் இருக்கும் வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. இங்கிலாந்தின் பெரிய அணி ஒன்று. ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் அல்லது பார்சிலோனா. இங்கிலாந்தின் நடுத்தர அணி ஒன்று. நம்மூர் சென்னையின் எஃப்சி. இவற்றில் எதுவும் தவறில்லை. தவறு, தேர்ந்தெடுக்கும் காரணத்தில் இருக்கிறது. அதில் மிக மோசமான காரணம், "அவங்கதான் இப்ப சாம்பியன்" என்பது.

2024-ல் மான்செஸ்டர் சிட்டி தொடர்ந்து நான்காவது முறையாக லீக் பட்டத்தை வென்றது. அதற்கு முந்தைய ஆண்டுதான் லீக், எஃப்ஏ கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் ஒரே சீசனில் எடுத்திருந்தார்கள். அந்த ஜூலையில் எங்கள் விடுதிக்கு வந்த பிள்ளைகளில் சிட்டி ரசிகர்கள் குவிந்தார்கள். செப்டம்பரில் ஆர்சனலுடனான ஆட்டத்தில் சிட்டியின் ரோட்ரி முழங்காலில் அடிபட்டு விழுந்தார். ஆட்டங்கள் அளவுக்கு மீறிப் போய்விட்டன, வீரர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நிலைக்கு நெருங்கிவிட்டார்கள் என்று அவர் பேசி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் கடைசி வரை சிட்டி ஆடிய 13 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்றது.

அந்தப் பதின்மூன்றில் ஒன்று ஃபெயனூர்டுடன் நடந்தது. நம் நேரப்படி நள்ளிரவு ஒன்றரை மணிக்குத் தொடங்கிய ஆட்டம். சிட்டி 3-0 என்று முன்னிலையில் இருந்தது. இரவு மூன்று மணி சுமாருக்கு, 75-ஆவது நிமிடத்தில் ஒரு கோல் வாங்கினார்கள். பிறகு இன்னொன்று. 89-ஆவது நிமிடத்தில் மூன்றாவது. காலை முதல் வகுப்புக்கு வந்திருந்த ஒரு பையனின் கண்கள் சிவந்திருந்தன. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுதவில்லை. "நாலு வருஷமா ஜெயிச்சிட்டே இருந்தவங்க, நான் வந்ததும் ஏன் சார் இப்படி?" என்று கேட்டான். அவனிடம் கோபம்கூட இல்லை, ஏமாற்றப்பட்ட உணர்வு இருந்தது. பிப்ரவரியில் அவன் லிவர்பூல் ரசிகனாகியிருந்தான்.

லிவர்பூல் 2025 ஏப்ரலில் டாட்டன்ஹாமை 5-1 என்று வென்று பட்டத்தை உறுதிசெய்தது. அந்தக் கோடையில் விர்ட்ஸ், இசாக் என்று பெரும் பணம் கொடுத்து ஆள் எடுத்தார்கள். அந்த இலையுதிர் காலத்தில் 12 ஆட்டங்களில் 9-ல் தோற்றார்கள். சொந்த மைதானத்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிடம் 0-3, பிஎஸ்வியிடம் 1-4. பையன் மறுபடியும் அநாதையானான்.

இது அவனுடைய துரதிருஷ்டம் அல்ல, இது அந்த வழியின் இயல்பு. 2015-ல் பட்டம் வென்ற செல்சி அடுத்த சீசனில் 10-ஆம் இடத்தில் முடிந்தது. பயிற்சியாளர் மொரீனியோ டிசம்பரிலேயே வீட்டுக்குப் போனார். 2016-ல் உலகமே வியக்கப் பட்டம் வென்ற லெஸ்டர், ஒன்பதே மாதத்தில் பயிற்சியாளர் ரனியேரியை நீக்கியது; 2023-ல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது, திரும்பி வந்து 2025-ல் மறுபடியும் இறங்கியது. கோப்பை வாங்கிய அணியில் களைப்பு இருக்கும், வயதேறிய ஆட்கள் இருப்பார்கள், எல்லா எதிரணிகளும் அவர்களுக்கென்றே தனித் திட்டம் வைத்திருக்கும். நீங்கள் சேரும் நேரம் பெரும்பாலும் உச்சியைத் தாண்டிய நேரம்.

அட்டவணையையும் பாருங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை. லீகில் 38 ஆட்டங்கள் எல்லோருக்கும் பொது. சாம்பியன்ஸ் லீக் 2024-லிருந்து மாறிவிட்டது: முதல் கட்டத்திலேயே ஓர் அணிக்கு 8 ஆட்டங்கள், பிறகு நாக் அவுட். இரண்டு உள்நாட்டுக் கோப்பைகளையும் சேர்த்தால், எல்லாவற்றிலும் கடைசி வரை போகும் அணிக்கு 60-ஐத் தாண்டும். 2025 கோடையில் 32 அணிகளின் கிளப் உலகக் கோப்பை வேறு வந்தது. சாம்பியன்ஸ் லீகின் பெரும்பாலான ஆட்டங்கள் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை மணிக்கு. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் திருப்பிவைத்த பிறகு ஒன்றரை மணிக்கு. ஸ்பெயின் லீகின் முக்கிய ஆட்டங்களும் இதே கணக்குத்தான். நவம்பர் மாதம் செமஸ்டர் தேர்வு. இந்த இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள உடம்பு இடம்கொடுக்காது. கடைசியில் மறுநாள் காலை ஐந்து நிமிட ஹைலைட்ஸ் பார்க்கும் ரசிகனாகிறீர்கள். கோல்களை மட்டும் பார்ப்பவனுக்கு அணி ஏன் தோற்றது என்பது ஒருநாளும் புரியாது. புரியாத தோல்விதான் மனிதனைக் கசக்கிப்போடுகிறது.

நட்சத்திரத்தின் பின்னால் போவதும் இதே வழியின் கிளைதான். ரொனால்டோவுக்காக மாட்ரிட் போனவர்கள் 2018-ல் யுவென்டஸ், 2021-ல் மான்செஸ்டர் யுனைடெட், 2023-ல் அல் நசர் என்று அலைந்தார்கள். மெஸ்ஸியை நம்பியவர்களுக்கு பாரிஸ், பிறகு மியாமி. ஒரு வீரரை ரசிப்பது அழகான விஷயம். அதை அணிக்கு ரசிகனாவது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்பா சொன்ன அணி என்பது கொஞ்சம் சிக்கலானது. பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நீங்கள் 1999 மே 26 இரவு பார்சிலோனாவில் ஷெரிங்ஹாமும் சோல்ஷாவும் கடைசி நிமிடங்களில் அடித்த கோல்களைப் பார்த்தவர்கள். பயிற்சியாளர் ஃபெர்குசன் 13 லீக் பட்டங்கள் வாங்கித் தந்ததைப் பார்த்தவர்கள். 2013-ல் அவர் விலகியபோது உங்கள் மகன் ஒன்றாம் வகுப்பு. அவன் பார்த்த யுனைடெட் 2024-25-ல் 15-ஆம் இடத்தில் முடிந்த யுனைடெட். பில்பாவோவில் டாட்டன்ஹாமிடம் யூரோப்பா இறுதியாட்டத்தை இழந்த யுனைடெட். 2025 ஆகஸ்டில் நான்காம் பிரிவு அணியான கிரிம்ஸ்பியிடம் பெனால்டியில் 12-11 என்று வெளியேறிய யுனைடெட். உங்கள் ஞாபகத்தை அவனுக்குக் கதையாகச் சொல்லுங்கள், கட்டளையாகக் கொடுக்காதீர்கள். கேட்டுவிட்டு அவனாக வந்தால் அவனைவிடக் கெட்டியான ரசிகன் கிடையாது. அப்படி வந்த சிலரை எனக்குத் தெரியும். திணிக்கப்பட்டவன் அப்பாவோடு சேர்ந்து பார்ப்பதையே நிறுத்திவிடுகிறான்.

சரி, எதைத்தான் எடுப்பது? இங்கிலாந்துதான் வேண்டும் என்றால் நடுத்தர அணி ஒன்றைப் பாருங்கள். நான் எவர்ட்டன் ரசிகன் என்பதைச் சொல்லிவிட்டே சொல்கிறேன். 1995-க்குப் பிறகு நாங்கள் பெரிய கோப்பை எதையும் தொட்டதில்லை. 2023-24-ல் நிதி விதிகளை மீறியதற்காக முதலில் 10 புள்ளிகளைக் கழித்தார்கள், மேல்முறையீட்டில் 6 ஆக்கினார்கள், பிறகு இன்னும் 2 கழித்தார்கள். ஆனால் 2022 மே மாதம் கிறிஸ்டல் பேலஸிடம் 0-2 என்று பின்தங்கி, 3-2 என்று வென்று, கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பித்த இரவையும், அடுத்த ஆண்டு சீசனின் கடைசி நாளில் டுக்குரே போர்ன்மத்துக்கு எதிராக அடித்த அந்த ஒரே கோலையும் நான் எந்தச் சாம்பியன் பட்டத்துக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். 1892 முதல் ஆடிய குடிசன் பார்க்கை விட்டு 2025-ல் ஆற்றங்கரையில் புது மைதானத்துக்கு வந்துவிட்டோம். நியூகாசில் ரசிகர்கள் 1955-க்குப் பிறகு ஓர் உள்நாட்டுக் கோப்பைக்காக 2025 வரை காத்திருந்தார்கள். அதே ஆண்டு கிறிஸ்டல் பேலஸ் தன் வரலாற்றிலேயே முதல் பெரிய கோப்பையை வென்றது. அந்த இரண்டு நாட்களிலும் அரங்கத்தில் வயதானவர்கள் அழுததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

நடுத்தர அணியில் இன்னொரு வசதி இருக்கிறது. பெரிய அணிகளின் ஆட்டங்களைத் தொலைக்காட்சிக்காக அங்கும் இங்கும் நகர்த்துவார்கள். சனிக்கிழமை மதியம் மூன்று மணி என்ற பழைய நேரம் பெரும்பாலும் மற்றவர்களுக்கே மிஞ்சும். அந்த மூன்று மணி நமக்கு இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. பிரிட்டனில் அந்த நேர ஆட்டங்களை நேரலையாகக் காட்டவே தடை உண்டு, நமக்கு இல்லை. சாப்பிட்டுக்கொண்டே தொண்ணூறு நிமிடமும் பார்த்துவிட்டு நேரத்தோடு தூங்கலாம்.

ஆனால் என் முதல் சிபாரிசு எப்போதும் சென்னையின் எஃப்சி ஆடும் பெரியமேடுதான். நேரு ஸ்டேடியம் சென்ட்ரலிலிருந்து நடந்து போகும் தூரம். நீலச் சட்டைக் கூட்டத்தோடு உள்ளே போய் உட்கார்ந்து, மேளச் சத்தத்துக்கு நடுவே, தடுப்பாட்டக்காரர்கள் பந்து இல்லாதபோது எப்படி நகர்கிறார்கள் என்று முழு மைதானத்தையும் ஒரே பார்வையில் பார்த்தவனுக்குத்தான் கால்பந்து பிடிபடும். தொலைக்காட்சி பந்தை மட்டுமே காட்டுகிறது. சென்னையின் எஃப்சி 2015-ல் வெள்ளத்தால் சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் ஆடி, இந்திய லீகின் இறுதியாட்டத்தில் கோவாவின் மண்ணில் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் கிடைத்து 3-2 என்று வென்றது. 2018-ல் பெங்களூரிலேயே பெங்களூரை 3-2 என்று வீழ்த்தியது. அந்த அணியில் தனபால் கணேஷ் இருந்தார், வியாசர்பாடிப் பையன்.

கஷ்டமும் உண்டு, மறைக்கவில்லை. 2024-25-ல் 13 அணிகளில் 11-ஆம் இடம். அதைவிடப் பெரிய வேதனை அடுத்த சீசன். இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிகிறது என்பதால் ஜூலையிலேயே லீகை நிறுத்திவைத்தார்கள். செப்டம்பரில் தொடங்க வேண்டியது 2026 பிப்ரவரி 14 அன்றுதான் தொடங்கியது. 14 அணிகள், ஒருவரை ஒருவர் ஒரே முறை சந்திக்கும்படி மொத்தம் 91 ஆட்டங்கள். இங்கிலாந்து ரசிகன் தன் அட்டவணை கடினமாக இருக்கிறது என்று புலம்புகிறான். நாம் அட்டவணையே இல்லாமல் அரை வருடம் காத்திருந்தோம். கோயம்புத்தூர்க்காரர்களின் கதை இன்னும் கொடுமை: சென்னை சிட்டி 2019-ல் ஐ-லீக் சாம்பியன், சில ஆண்டுகளில் தேசிய லீகிலேயே அந்தப் பெயர் இல்லை. இதெல்லாம் தெரிந்தும் சொல்கிறேன், பக்கத்தில் இருக்கும் அணிக்கு நீங்கள் தேவைப்படுகிறீர்கள். மான்செஸ்டருக்கு நீங்கள் தேவையில்லை. பெண்கள் கால்பந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் 2023-ல் தேசிய சாம்பியன்கள் என்பது என் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

ரசிகராவதற்கும் ஒரு மனப்பாங்கு வேண்டும். தோற்ற மறுநாள் ஆட்டத்தைப் பற்றிப் பேச முடிகிறதா? கோச்சை நீக்கச் சொல்லிக் கத்துவதற்கு முன் பத்து ஆட்டங்கள் பொறுக்க முடிகிறதா? பட்டியலில் கீழே கிடக்கும் அணியின் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் மெல்லத் தேறுவதைப் பார்த்து மகிழ முடிகிறதா? முடியும் என்றால் நீங்கள் எந்த அணிக்கும் தகுதியானவர். முடியாது என்று தோன்றினால் அவசரப்பட வேண்டாம். ஒரு சீசன் முழுக்க எந்த அணியையும் சேராமல் வெறுமனே பாருங்கள். படிப்பைப் போலத்தான் இதுவும், ருசி வர நாளாகும். ஐந்து வருடம் ஒரே அணியோடு இருந்த மாணவர்கள் ஆய்வு வேலையிலும் பொறுமையாக இருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

பிரீமியர் லீக் அட்டவணை ஜூன் நடுவில் வெளியாகும். வந்ததும் எடுத்து, உங்களுக்குப் பிடித்திருக்கும் அணியின் ஆட்டங்களுக்கு எதிரே இந்திய நேரத்தையும் உங்கள் தேர்வுத் தேதிகளையும் பென்சிலால் எழுதிப் பாருங்கள். பாதிக்கு மேல் பார்க்க முடியாத அணி என்று தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள். அதுவரை ஜெர்சி வாங்க வேண்டாம்.