சுருள்பாசித் தொட்டியில் நஞ்சு நுழையாமல் காப்பது எப்படி?

கென்யாவின் போகோரியா, நகுரு ஆகிய உவர்கார ஏரிகளில் சின்னப் பூநாரைகள் லட்சக்கணக்கில் கூடுவது, நாம் தொட்டியில் வளர்க்கும் சுருள்பாசியின் (ஸ்பைருலினா) நெருங்கிய உறவான ஒரு பாசியை வடிகட்டித் தின்பதற்காகத்தான். 1990களில் அந்தப் பறவைகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. பறவைக் காசநோய், கன உலோகம் என்று பல காரணங்கள் பேசப்பட்டன. போகோரியாவில் செத்த பறவைகளின் இரைப்பையில் மைக்ரோசிஸ்டின், அனாடாக்சின் என்னும் இரண்டு பாசி நஞ்சுகளும் கிடைத்தன. கூடவே, வெந்நீர் ஊற்றோரம் படரும் வேறு நீலப்பச்சைப் பாசிகளின் துணுக்குகளும் இருந்தன.

நம் தொட்டியும் ஒரு குட்டி உவர்கார ஏரிதான். காரம்தான் அதற்கு வேலி.

முதல் வேலை, விதைப்பாசி. ஏரி, குளத்திலிருந்து அள்ளி வராதீர்கள். கென்யாவின் சொனாச்சி ஏரியில் எடுத்த சுருள்பாசியிலேயே நஞ்சு பதிவாகியிருக்கிறது. ஆய்வகத்தில் சோதித்த விதையை மட்டும் வாங்குங்கள். வாங்கியதும் ஒரு சொட்டை அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறைக்குக் கொண்டுபோய், நுண்ணோக்கியில் 100 மடங்கு பெருக்கிப் பாருங்கள். பால்பாயின்ட் பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் போன்ற சுருள்கள் தெரிய வேண்டும். உருண்டை உருண்டையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் மைக்ரோசிஸ்டின் நஞ்சைச் சுரக்கும் மைக்ரோசிஸ்டிஸ் பாசியாக இருக்கலாம், அந்த விதை வேண்டாம். நேர் இழைகள் தெரிந்தால் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். வாடிய சுருள்பாசியும் சில சமயம் நிமிர்ந்துவிடும்.

அடுத்து தண்ணீர். லிட்டருக்குச் சுமார் 16 கிராம் சமையல் சோடா என்பது பழைய, நம்பகமான கணக்கு. புதுத் தண்ணீரின் பி.எச். 8.5க்குப் பக்கத்தில்தான் இருக்கும், பாசி வளர வளர 10ஐ எட்டும். வேலி இன்னும் எழும்பாத அந்த முதல் சில நாள்தான் ஆபத்தானது. அதனால் விதையைத் தாராளமாக ஊற்றி, முதல் நாளே தண்ணீரை அடர்பச்சையாக்கிவிடுங்கள். தினமும் காலையில் பி.எச். தாளை நனைத்துப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஏறிய அளவு 9.5க்குக் கீழே இறங்கினால் அறுவடையை நிறுத்திவிட்டு நுண்ணோக்கியிடம் போங்கள்.

மழைக்குக் கூரை கட்டாயம். கென்ய ஏரிகளில் 2010க்குப் பிறகு நீர்மட்டம் ஏறி உப்பும் காரமும் நீர்த்தபோது சுருள்பாசி குறைந்தது, பூநாரைகள் இடம் மாறின. ஐப்பசி அடைமழை உங்கள் தொட்டியிலும் அதையே செய்யும்.

குளத்துப் பாசியைப் பாட்டிலில் பிடித்து வைத்து, மேலே மிதந்தால் நஞ்சுப்பாசி என்று சந்தேகிக்கும் சோதனை இங்கே உதவாது. சுருள்பாசியும் மிதக்கும்! பதிலாக, அறுவடைத் துணியில் வடிந்து வரும் நீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தெளிந்தோ இளமஞ்சளாகவோ இருந்தால் சரி. பச்சையாக இருந்தால் துணிக்குச் சிக்காத சின்னப் பாசி ஏதோ புகுந்துவிட்டது. ஆனால் மைக்ரோசிஸ்டிஸ் கொத்து துணியிலேயே தங்கிவிடலாம். எனவே வாரம் ஒருமுறை நுண்ணோக்கியில் பார்ப்பதை விடாதீர்கள்.

எடுத்த பாசியை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து, இடியாப்ப அச்சில் இழையாகப் பிழிந்து காயவைப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். விற்பதாக இருந்தால் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து மைக்ரோசிஸ்டின் சோதனைக்கு அனுப்புங்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1997இல் வைத்த வரம்பு, ஒரு கிராம் பொடிக்கு 1 மைக்ரோகிராம். இந்தப் பொடியைக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறோம், செலவு பார்க்காதீர்கள்.

சந்தேகம் வந்த தொட்டியைக் காப்பாற்ற முயலவே வேண்டாம். காயவைத்தாலும் கொதிக்கவைத்தாலும் மைக்ரோசிஸ்டின் அழியாது. வாய்க்காலிலோ ஆடுமாடு குடிக்கும் இடத்திலோ அந்த நீரைத் திறந்துவிடாமல், கிணற்றிலிருந்து தள்ளிக் குழி வெட்டி ஊற்றி மூடுங்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, வேறு விதையோடு தொடங்குங்கள்.