அழகு எழுத்தில் அப்பா பெயர்

கல்யாணப் பத்திரிகை, ஃபிளக்ஸ் போர்டு, விழா அழைப்பிதழ் என்று எதை எடுத்தாலும் தலைப்பில் சாய்ந்து நெளிந்த எழுத்து ஒன்று இருக்கும். கையால் எழுதியது போலத் தெரியும்; ஆனால் கம்ப்யூட்டர் எழுத்துரு. அதன் சூட்சுமத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் இது சுலபம். 1942இல் அமெரிக்காவில் வெளிவந்த பிரஷ் ஸ்கிரிப்டில் ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தைத் தொட்டுக்கொண்டே போகும். நாம் தமிழில் கையால் எழுதும்போதே எழுத்துகளைத் தனித்தனியாகத்தான் நிறுத்துகிறோம். அதனால் சாய்வு, கோட்டின் தடிப்பு, சுழிப்பு இவற்றில்தான் அழகைக் கொண்டுவர வேண்டும். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவனார்' அப்படிப்பட்டது. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கிறது.

கஷ்டமெல்லாம் உயிர்மெய்யில்தான். பு-வில் கோடு நேராக இறங்கும், கு-வில் வளைந்து சுற்றும். ஒரே குறியை எல்லாவற்றுக்கும் ஒட்டவைக்க முடியாது. 18 மெய்க்கும் உகரம், ஊகாரம் என்று 36 வடிவங்களைப் பார்த்துப் பார்த்து வரைய வேண்டும். ண-வுக்கு மூன்று சுழி, ன-வுக்கு இரண்டு; அலங்காரத்தில் ஒரு சுழி மறைந்தால் எழுத்தே மாறிப்போச்சு. ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் வீரமாமுனிவர் பிரித்துக் காட்டியது ஒரு சின்னச் சுழியால்தான். எல்லாக் கொம்பையும் சுழித்துவிட்டால் 'செடி' 'சேடி' ஆகிவிடும்!

(1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய 'லை', 'னை' எழுத்துகளின் தும்பிக்கை வளைவு இந்த வேலைக்கு எவ்வளவு பொருத்தம்! ஆனால் நம்ம வயசுப் பிள்ளைகளுக்குப் படிக்க வராது.)

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. முதலாண்டில் அக்காவின் கல்யாணம் வந்தது. எங்கள் வீட்டில் மேற்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான்தான் என்பதால், பத்திரிகை வேலையை என்னிடமே விட்டார்கள். அச்சகத்தில் திரையைப் பார்த்து, இருப்பதிலேயே அதிகம் நெளிந்த எழுத்தைக் காட்டி, முழுப் பத்திரிகையையும் அதிலேயே அடிக்கச் சொன்னேன். ஐந்நூறு பத்திரிகை.

அப்பா மூன்றாவது வரைதான் படித்தவர். வயல் வேலை முடிந்து வந்து, கை கழுவி, விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றுவிட்டது. "இதுதான் என் பேரா தம்பி?" என்றார். அவர் பெயரில் ர-வும் துணைக்காலும் அடுத்தடுத்து வரும். ர-வின் காலையும் வளைத்து நீட்டியிருந்ததால் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. "அழகாத்தான் இருக்கு" என்று சொல்லி மடித்து வைத்துவிட்டார். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

அலங்கார எழுத்தைப் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. தலைப்பில் இரண்டு மூன்று சொல்லோடு நிறுத்துங்கள். பெயர், தேதி, நேரம், மண்டபம் எல்லாம் சாதா எழுத்தில் இருக்கட்டும். அச்சுக்குக் கொடுக்குமுன் அதே அளவில் ஒரு தாள் எடுத்து, மெதுவாகப் படிப்பவர் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.

தை மாதம் அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து, பாபநாசத்தில்தான். மாதிரித் தாள் எடுத்தாச்சு. 'காதணி விழா' என்பது மட்டும் கவிவனாரில். அப்பா முழுசாகப் படித்துவிட்டு, மாமா பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனதைக் காட்டினார்.