கடல் தெரியாத கடல் அறை

கேள்வி: திருமண நாளுக்காக மாமல்லபுரம் பக்கம் ஒரு சொகுசு ரிசார்ட்டில் தங்கினோம். சாப்பாடு, நீச்சல் குளம் எல்லாம் அருமை. ஆனால், கடல் பார்த்த அறைக்குப் பணம் வாங்கிக்கொண்டு, கார் நிறுத்துமிடம் பார்த்த அறையைக் கொடுத்துவிட்டார்கள். என்ன செய்யலாம்? – வாசகி, திருச்சி

பதில்: சாப்பாடு நன்றாயிருந்ததற்காக அறைப் பணத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். முன்பதிவு ரசீது, பில், ஜன்னல் வழியே எடுத்த படம் மூன்றையும் இணைத்து மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். இரண்டு அறைகளின் வாடகை வித்தியாசத்தை ரூபாய்க் கணக்கில் எழுதிக் கேளுங்கள். மசியவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. பணத்துக்குப் பதில் ‘இன்னொரு நாள் இலவசமாகத் தங்குங்கள்’ என்றால், கடல் தெரியும் என்று எழுதி வாங்கிக்கொண்டு தலையாட்டுங்கள்!