2,376 ரன்கள்: ஒரு கணக்குப் பாடம்

எண்களைக் கண்டு வியப்பது மனித இயல்பு. எண் பெரியதாயின் வியப்பும் பெரிதாகும். ஆயினும் ஓர் எண்ணின் உண்மையான மதிப்பை அறிய அந்த எண் மட்டும் போதுமா? கிரிக்கெட் வரலாற்றிலிருந்து இரண்டு ஆட்டங்களை எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

1949 மார்ச்சில் புனாவில் ரஞ்சிக் கோப்பை அரையிறுதி ஆட்டம் நடைபெற்றது. பம்பாயும் மகாராஷ்டிரமும் மோதின. பம்பாய் முதலில் 651 ரன்கள் எடுத்தது, மகாராஷ்டிரம் 407. இரண்டாம் முறை பம்பாய் 8 விக்கெட் இழப்புக்கு 714 எடுத்து ஆட்டத்தை முடித்துக்கொண்டது, மகாராஷ்டிரம் 604. நான்கையும் கூட்டினால் 2,376. முதல்தர கிரிக்கெட்டில் ஓர் ஆட்டத்தில் குவிந்த ரன்களில் இதுவே மிக அதிகம். இதில் ஒன்பது சதங்கள்! பம்பாயின் உதய் மெர்ச்சன்ட், தத்து பட்கர் ஆகியோரும், மகாராஷ்டிரத்தின் ரேகேயும் ஆளுக்கு இரண்டு சதம் அடித்தனர். பம்பாயின் மாதவ் மந்திரி சரியாக 200 எடுத்தார்.

மகாராஷ்டிரத்தின் நிலையைப் பாருங்கள். இரு முறையும் சேர்த்து அவர்கள் எடுத்தவை 1,011 ரன்கள். விக்கெட்டுக்கு ஐம்பதுக்கும் மேல். வேறோர் ஆட்டத்தில் இது வெற்றிக்குத் தாராளமாகப் போதும். இங்கோ 354 ரன்களில் தோல்வி! ஏனெனில் பம்பாயின் சராசரி விக்கெட்டுக்கு ஏறத்தாழ 76. பந்து வீச்சாளருக்கு ஆடுகளம் ஒத்துழைக்காத இடத்தில் ரன் மலிந்துவிடுகிறது. விளைச்சல் மிகுந்த ஆண்டில் நெல் விலை இறங்குவது போன்றதே இதுவும்.

இனி நம் சென்னைக்கு வருவோம். 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடின. ஆன்டி ராபர்ட்ஸின் வேகத்தில் இந்தியா 190 ரன்களுக்குச் சுருண்டது. ராபர்ட்ஸுக்கு மட்டும் 7 விக்கெட்டுகள். அந்த 190-இல் குண்டப்பா விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் எடுத்தவை 97. சதத்திற்கு மூன்று குறைவு. ஆட்டத்தை இந்தியா 100 ரன்களில் வென்றது.

இப்போது விழுக்காடு காண்போம். மந்திரியின் 200, அணியின் 651-இல் சுமார் 31 விழுக்காடு. விஸ்வநாத்தின் 97, அணியின் 190-இல் 51 விழுக்காடு. மற்றப் பத்துப் பேரும் உதிரி ரன்களும் சேர்ந்து கொடுத்ததைவிட அவர் ஒருவர் கொடுத்தது அதிகம். ஏடுகளில் சதப் பட்டியலைப் புரட்டினால் 200 இருக்கும், 97 இராது. மந்திரியின் உழைப்பைக் குறைத்துக் கூறுவது என் நோக்கமன்று. நீண்ட நேரம் நின்று ஆடாமல் இருநூறு வாராது. ஓர் எண்ணை அது பிறந்த சூழலோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பதே நான் கூற வருவது.

இவ்வுண்மையை எங்கள் சேவூரில் எந்தத் தறிக்காரரும் அறிவார். என் தந்தையாரைக் காண்போர், "இந்த மாசம் எத்தனை சேலை அறுத்தீங்க?" என்பார்கள். அவர் எண்ணைச் சொல்லுமுன், "எந்த மாதிரிச் சேலை?" என்று எதிர்க்கேள்வி கேட்பார். புட்டா இல்லாத சேலையும், உடலெங்கும் புட்டாவும் கனத்த ஜரிகை முந்தியும் கொண்ட சேலையும் எண்ணிக்கையில் ஒன்றே. எடுத்துக்கொள்ளும் நாட்கள் ஒன்றல்ல. பள்ளி சென்று அறியாத அவர் கேட்கும் அக்கேள்வியைத்தான், எங்கள் வீட்டின் முதல் கல்லூரி மாணவனாகிய நான் புள்ளியியல் வகுப்பில் பகுதி, தொகுதி என்ற பெயரில் படிக்கிறேன்.

நண்பர்களே, தேர்வு முடிவுகள் வரும்போது நாமும் ஒருவரையொருவர் எண்ணால் மட்டுமே அளக்கிறோம். விளக்கும் வழிகாட்டியும் உள்ள வீட்டில் பிறந்த எண்பதும், தறிச் சத்தத்தின் நடுவே பிறந்த அறுபதும் பட்டியலில் எண்பதும் அறுபதுமே. பட்டியல் பொய் சொல்வதில்லை. ஆனால் முழுவதையும் சொல்வதுமில்லை. எஞ்சியதைக் கேட்டறிவதே கணிதம் கற்றவர் கடமை.

பி.எஸ்ஸி. கணிதம், இரண்டாம் ஆண்டு