நான்கு எழுத்துக்குள் அடங்குமா ஆளுமை?

ஆளுமை பற்றிய உளவியல் கோட்பாடுகளில் பலவற்றை நாம் மூல நூல்களில் படித்ததில்லை. அலுவலகப் பயிற்சி வகுப்புகளிலும் வாட்ஸ்அப்பிலும்தான் கேட்டிருக்கிறோம். வந்த வழியில் அவற்றில் இருந்த ‘ஓரளவு’, ‘பெரும்பாலும்’ எல்லாம் உதிர்ந்துவிட்டன.

நம்பிக்கை: மனிதத் தேவைகளை அடுக்கும் மாஸ்லோ பிரமிடில் கீழ்ப்படி முழுதாக நிறைந்தால்தான் மேல்படி ஏறலாம்.

உண்மை: உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோவின் 1943 கட்டுரையில் பிரமிடே கிடையாது, அது பின்னாளில் நிர்வாகவியல்காரர்கள் பரப்பிய படம். தேவைகளுக்கு ஒரு வரிசை உண்டு என்றார் மாஸ்லோ. ஆனால், ஒன்று முழுதாக நிறைவேறிய பிறகே அடுத்தது தலைதூக்கும் என்று எண்ணக் கூடாது என்றும் எழுதினார். சராசரி மனிதருக்கு உடல் தேவைகள் 85 சதவீதம், பாதுகாப்பு 70, அன்பு 50, தன்மதிப்பு 40, தன் திறனை முழுதாக வெளிப்படுத்துவது 10 நிறைவேறியிருக்கும் என்று ஓர் உதாரணக் கணக்கும் தந்தார். கொள்கைக்காக எல்லாவற்றையும் துறப்பவர்களிடம் இந்த வரிசை செல்லாது என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார்.

நம்பிக்கை: மையர்ஸ்–பிரிக்ஸ் சோதனை நான்கு எழுத்துகளில் சொல்லும் 16 வகைகளில் ஒன்றில் நாம் அடங்கிவிடுவோம்.

உண்மை: உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட நூலை அடிப்படையாக வைத்து இதை உருவாக்கியவர்கள் காத்தரீன் பிரிக்ஸும் மகள் இசபெல்லும். இருவருமே உளவியல் பட்டம் பெற்றவர்கள் அல்லர். முழு அகமுகரோ (இன்ட்ரோவெர்ட்) முழுப் புறமுகரோ (எக்ஸ்ட்ரோவெர்ட்) கிடையாது என்பதே யுங்கின் கருத்து. பெரும்பாலோர் நடுக்கோட்டுக்கு அருகில்தான் இருக்கிறோம். 34 எடுத்தவர் ஃபெயில், 35 எடுத்தவர் பாஸ் என்பதுபோல அங்கே கோடு கிழித்தால், சில வாரம் கழித்து அதே சோதனையை எழுதும் பலருக்கு வகையே மாறிவிடுகிறது. அதனால்தான் இன்றைய ஆய்வாளர்கள் ஐந்து பண்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒருவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

நம்பிக்கை: ‘அப்படியே என்னைச் சொல்கிறதே! சோதனை சரிதான்.’

உண்மை: 1948-இல் உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்து, ‘உங்களுக்கான முடிவு’ என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நான்கைத் தாண்டியது. பிறகுதான் தெரிந்தது, எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம்! கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. சில சமயம் கலகலப்பு, சில சமயம் ஒதுக்கம். வெளியே உறுதி, உள்ளே கவலை. இது யாருக்குத்தான் பொருந்தாது?

நம்பிக்கை: தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

உண்மை: பாதி சரி. இருபதில் சகாக்களைவிட அதிகம் பேசியவர் ஐம்பதிலும் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால், பல ஆண்டுகள் ஒரே ஆட்களைத் தொடர்ந்து கவனித்த 92 ஆய்வுகளை 2006-இல் தொகுத்துப் பார்த்தபோது, பொறுப்புணர்வும் மன நிதானமும் பொதுவாக வயதோடு கூடுவது தெரிந்தது. குறிப்பாக இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிய சோதனையைக் காட்டிப் பத்து வருடம் கழித்து, “நீங்க இந்த டைப், டீமை நடத்த முடியாது” என்று மேலாளர் சொன்னால், தாராளமாக மறுத்துப் பேசலாம்.