விளிம்பில் தொடங்கும் போர்வை

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டக் காட்டுப்பகுதிகளில் சித்தி இன மக்கள் வாழ்கின்றனர். இவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டவர்கள். சித்திப் பெண்கள் பழந்துணிகளைக் கொண்டு கையால் தைக்கும் ஒட்டுப்போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர்.

போர்வையில் முதலில் நைவது விளிம்பே. இரவெல்லாம் இழுபடுவதும், துவைக்கும்போது கல்லில் அடிபடுவதும் அதுதான். ஆகவே, போர்வை தைப்போர் பலர் நடுப்பகுதியை முடித்தபின், நீண்ட துணிப்பட்டி ஒன்றை விளிம்பின்மேல் வைத்துத் தைப்பர். பின்னர் அதனைப் பின்புறமாக மடித்து, நுண்ணிய தையலால் மூடுவர். மூலையில் பட்டியைச் சுருக்கமின்றி மடிப்பதற்குக் கை நன்கு பழகியிருக்க வேண்டும்.

சித்திப் பெண்களின் முறை இதற்கு நேர்மாறானது. பழைய புடவை ஒன்றை அடித்துணியாக விரித்து, ஒரு மூலையில் தையலைத் தொடங்குவர். அடித்துணியின் ஓரத்தையும் ஒட்டுத்துணியின் ஓரத்தையும் உள்ளே மடித்துச் சேர்த்துத் தைப்பதால், தனியே ஒரு பட்டி தேவைப்படுவதில்லை. நான்கு பக்கமும் சுற்றி வந்து, ஓடு தையலால் வரிவரியாக உள்நோக்கி நகர்ந்து, நடுவில் முடிப்பர். கிழிந்த சட்டையும் பாவாடையும் இவ்வாறு குழந்தைகளின் குளிரைப் போக்குகின்றன.

இன்னும் ஒரு வேலை உண்டு. துணியைப் பலமுறை மடித்துச் செய்த முக்கோணங்களை நான்கு மூலைகளிலும் தைப்பர். அவற்றிற்குப் 'பூலா', அதாவது பூ, என்று பெயர். இப்பூக்களால் வெப்பம் கூடுவதில்லை. ஆயினும், அவை இல்லாத போர்வையை ஆடையற்றது என்றே அப்பெண்கள் கருதுகின்றனர்.

பயிற்சி: கவந்திக்குத் தனியே விளிம்புப் பட்டி தேவைப்படாதது ஏன்? உமது வீட்டிலுள்ள போர்வை ஒன்றின் மூலையைப் பார்த்து, அதன் விளிம்பு முடிக்கப்பட்டுள்ள முறையை மூன்று தொடர்களில் எழுதுக.